பேய்க்குகையில் ஒரு பச்சை மேடு

அக்டோபரின் இரண்டாம் சனி.
ஸ்பயருக்குத் தெற்கே, ரைன் ஆற்றின் மூடுபனி
வாகனத் தரிப்பிடம்வரை ஏறி வந்த பிற்பகல்.
மூன்று பத்துக்குக்
கடற்கொள்ளைத் தலைவனுக்கு முகம் போயிற்று.

முதலில் வாய் உறைந்தது,
"உங்கள் எலும்புகளை" என்ற இடத்தில்.
பிறகு இடக்கண்மேல் ஒரு சாம்பல்நிறப் பெட்டி:
நினைவகத்தைப் படிக்க இயலவில்லை.
கீழே, சரி என்றொரு பொத்தான்.
அழுத்துவதற்கு அங்கே
எலும்புக்கூடுகளின் கைகள்தான் இருந்தன.

அப்புறம் அவனே கரைந்துபோக
ஆறு மீட்டர் அகலத்துக்கு விரிந்தது
ஒரு புல்மேடு.
நீல வானம், ஒழுங்கில்லாத சில மேகங்கள்.
வலப்பக்கக் கீழ்மூலையில்
ஒரு குப்பைக்கூடை.

நான் சிவப்புப் பொத்தானைத் தொடுமுன்பே
படகுகள் நின்றிருந்தன.
இதைச் சொல்லியாக வேண்டும்:
இந்தக் குகைக்குக் கணினி இரண்டு.
பேய் காட்டுவது ஒன்று.
வயது இருபத்திரண்டு, தும்மினால் விழும்.
படகைப் பிடிப்பது மற்றது.
அதற்குத் திரையில்லை, படமில்லை, வாயுமில்லை.
உள்ளே இரண்டு மூளை,
ஒன்று சொல்வதை மற்றது நம்பாது.
பேய்ப்பெட்டியின் துடிப்பு அரை நொடி தவறினால்
காரணம் கேட்காமல் பிடித்துவிடும்.
"ஏன் நின்றது?" என்று வரிசையில் கோபிக்கிறார்கள்.
நிற்பதுதான் அதன் வேலை.
இந்தப் பூங்காவில் நான் நம்புவது
அது ஒன்றைத்தான்.

ரப்பர்ச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு
முழங்கால் தண்ணீரில் இறங்கினேன்.
பம்புக்குச் செய்தி போகவில்லை,
அது பாட்டுக்குத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தது.

நாலாம் படகில் ஒரு பையன்.
"அம்மா, இதுதான் சொர்க்கமா?"
"இல்லை லென்னார்ட், பழைய விண்டோஸ்."

ஐந்தாம் படகில் தனியாக வந்தவர்
எழ மறுத்தார்.
கையை நீட்டினேன். என் நெஞ்சுப் பட்டையைப் படித்தார்
(எட்டு எழுத்துக்குத்தான் இடம்,
சுபாங்கினியில் மீதி வெளியே நிற்கிறது).
"கொஞ்சம் பொறுங்கள்," என்றார்.
லுட்விக்ஸ்ஹாஃபனில் காப்புறுதி அலுவலகமாம்.
"பன்னிரண்டு வருடம் தினமும்
இந்த மேட்டுக்கு முன்னால் கோப்பி குடித்தேன்.
ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை.
மேலே எப்போதும் ஏதாவது அட்டவணை திறந்திருக்கும்."

பார்த்தோம்.
சப்பாத்துக்குள் தண்ணீர் புகுந்தது.
ஒரு நிமிடம் இருக்கும்,
விதிப்படி தவறு.
"யாரோ புல்லை வெட்டியிருக்கிறார்கள்," என்றார்.
பிறகுதான் என் கையைப் பிடித்து எழுந்தார்,
கனத்த மனிதர்.

வெடிமருந்துப் பீப்பாய்களுக்குப் பின்னால் இருக்கிறது பெட்டி.
விசிறியில் கம்பளிபோல் தூசு.
அணைத்துவிட்டுப் பத்துவரை எண்ணுக என்கிறது கையேடு.
எந்த மொழியில் என்று எழுதவில்லை.
ஜெர்மனில் எண்ணினால் அவசரப்படுவேன்.
தமிழில் எண்ணினேன்,
எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்
என்னவோ மறந்ததுபோல நின்று.

எழுந்ததும் முதல் பேச்சே குற்றச்சாட்டு:
சென்றமுறை என்னை ஒழுங்காக மூடவில்லை.
நான்தான் காலை இடறி
விழுத்தியதுபோல.

அடுத்த பருவத்தில் புதுசு வாங்கலாம் என்றார்
திருமதி ஓபர்லே.
இதோடு ஏழு பருவம்.
அவரையும் குறை சொல்ல ஏலாது,
புதுசு வாங்கிய ராட்டினம்
ஜூலை முழுக்க
தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது.

மூன்று ஐம்பத்திரண்டு.
தலைவனுக்கு முகம் வந்தது,
விட்ட இடத்தை விட்டுவிட்டுத்
தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தான்.

பதிவேட்டில் எழுதினேன்:
காரணம், தெரியவில்லை.
பரிகாரம், அணைத்து எழுப்பியது.
பயணிகள், இருபத்தாறு பேர், எல்லோரும் நலம்.
முறைப்பாடு, ஒன்று.
லென்னார்ட், வயது ஆறு,
மறுபடி வரிசையில் நின்று போய்வந்தவன்:
மேடு வரவில்லை.