பொன்னூர் உலா

ஹெல்ம்ஸ்டேலில் ரயில் நின்றபோது மழையும் கூடவே இறங்கியது.
பதினொரு பேர். தலைக்குப் பன்னிரண்டு பவுண்ட்,
குழந்தைக்குப் பாதி, நாய்க்கு ஒன்றுமில்லை.
வழிகாட்டி ஐனா பானர்மன்
நாயையும் சேர்த்து எண்ணி
வேனில் ஏற்றினாள்.

ஒன்பது மைல் கழித்து இறக்கிவிட்ட இடத்தில்
புல்.
கடுங்காப்பி நிறத்தில் ஓர் ஓடை.
வேலி, ஆடு, மறுபடி வேலி.
"வந்துவிட்டோம், இதுதான் நகரம்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை, பணம் கட்டியிருந்தோம்.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்பது.
ஓடையில் தங்கம் என்று சேதி பரவி
கப்பல்காரனும் கொல்லனும் கணக்கெழுதுபவனும்
சல்லடையோடு வந்து கூடாரம் அடித்தார்களாம்.
"இது கடைத்தெரு. இது கொல்லன் பட்டறை.
இங்கே ஒரு ரொட்டிக்காரி இருந்தாள்,
பொன்துகள் நீட்டினால் வாங்கமாட்டாள்,
சில்லறையாகக் கொடு என்பாள்."
அவள் விரல் காட்டிய இடத்தில்
ஓர் ஆடு மென்றுகொண்டிருந்தது.

"பார்த்து வாருங்கள், இங்கே ஒரு படி."
பதினொரு பேரும் காலைத் தூக்கி வைத்தோம்.
நாய் மட்டும் நேராகப் போயிற்று.

இன்வர்னெஸ் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன் நான்.
மோதிரத்தைக் கழற்றுங்கள், சங்கிலியைக் கழற்றுங்கள்
என்று நாளெல்லாம் சொல்பவன்.
மேலே இருப்பதை விட்டு உள்ளே இருப்பதைப் பார்ப்பது
பழகிய வேலைதான்.
இவள் புல்லை ஊடுருவுகிறாள், பரவாயில்லை.

"பால் அன் ஓர். பொன்னின் ஊர்" என்றாள்.
அவள் மொழியில் ஓர் என்றால் பொன்.
என் மொழியில் வெறும் ஒன்று,
உயிரெழுத்துக்கு முன்னால் மட்டும் நீளும் ஒன்று.
மழையில் நின்று அதை யாரிடம் சொல்ல?

தோண்டுவதற்கு உரிமம் வேண்டுமாம்.
மாதம் ஒரு பவுண்ட், நிலம் பிரபுவுடையது.
இந்தக் காசைத்தானே நாம்
பவுன் என்று சொல்லிக் கழுத்தில் போட்டுக்கொண்டோம்.
அரசியின் கழுத்திலிருந்து ஆறு பவுன் இறங்கி
கரூர் அடகுக்கடையில் இருக்கிறது,
விசாக் கட்டணத்துக்கு.
ஏழு மாதமாக "பரிசீலனையில்" என்ற ஒரே சொல்.

"எத்தனை நாள் இருந்தது இந்த நகரம்?"
கேட்டது ஒரு சிறுவன்.
"வருஷக் கடைசியோடு சரி.
மானுக்கு இடைஞ்சல், ஆட்டுக்கு இடைஞ்சல் என்று
உரிமத்தை நிறுத்திவிட்டார்கள்."
கொஞ்சம் பொறுத்து,
யாரும் கேட்காமலே சொன்னாள்:
"அதற்கு ஐம்பது வருஷம் முன்னாலும்
இங்கே வீடுகள் இருந்தன. எங்களுடையவை.
அப்போதும் ஆடுகள்தான்.
அது இன்றைய சீட்டில் இல்லை."

எங்கு திரும்பினாலும் முள்செடியில் மஞ்சள் பூ.
பொன் வைக்கிற இடத்தில் பூ வைத்துவிட்டுப்
போயிருக்கிறார்கள் போல.

பிறகு ஆளுக்கொரு தட்டு கொடுத்தாள்.
குளிர் முழங்கை வரை ஏறியது.
அரை மணி நேரம் மணலைச் சுழற்றி
எனக்குக் கிடைத்தது
குன்றிமணியின் கறுப்புப் பொட்டில் பாதிகூட இல்லை.
சின்னக் குப்பியில் நீர் நிரப்பி அதைப் போட்டாள்.
"தண்ணீரில் பெரிதாகத் தெரியும். திறக்காதே."

சிக்னல் வேன் பக்கத்தில் மட்டும், ஒரே கோடு.
கரூரில் இருட்டிவிட்டிருந்தது.
மொட்டைமாடியில் நடந்துகொண்டிருந்தாள் அரசி.
"எங்கே உங்க தங்க நகரம்? காட்டுங்க."
போனைத் திருப்பினேன்.
ஆடு. புல். வேலி.
கடைத்தெரு இது என்றேன்.
ரொட்டிக்காரியிடம் சில்லறை வேணும் என்றேன்.
"மெதுவா வா, இங்க ஒரு படி."

ஒரு நொடி படம் குலுங்கி உயர்ந்தது,
அந்தப் பக்கம்.

"ஏறிட்டேன்" என்றாள்.