ஓநாகி, இரண்டாம் முறை

கடல் அசையாமல் நின்றால் அது வருகிறதென்று அர்த்தம்.
ஓநாகி என்றால் பெரிய அமைதி.
ஒன்பது வயதில் எனக்கு இதுவே மோசடி.
தொண்ணூறு நிமிடப் படத்தில்
பூதம் பதினோரு நிமிடம்.
தம்பி கியோதாகா அப்பாவின் கடிகாரத்தை வைத்து எண்ணினான்.
வாலைத் தூக்கிய கம்பிகளையும் எண்ணினான், மூன்று.
மீதி எழுபத்தொன்பதும் மனுஷர்கள்.
சாப்பிடுகிறார்கள். வாடகை பேசுகிறார்கள்.
ஆரஞ்சுத் தோலைத் திரைமேல் எறிந்தோம்.

நேற்றிரவு குஷிரோ துறைமுகக் கிடங்கில்
மறுபடி போட்டார்கள். மொத்தம் ஏழு பேர்.
ஹீட்டர் பக்கத்து நாற்காலிக்காரர்
முதல் ரீலிலேயே குறட்டை.
பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு வந்த நானும்
தூங்கத்தான் உட்கார்ந்தேன்.

ஒத்துக்கொள்கிறேன், நகரம் அட்டைதான்.
மிதிபடுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே
ஹோட்டல் இடிந்துவிடுகிறது,
அடிக்குமுன் அழுகிற பிள்ளை மாதிரி.
அமைச்சர்கள் கூடும் அறையில் சுவர் ஆடுகிறது,
பூதம் இன்னும் கடலில்.
இதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் தொலைபேசி நிலையத்து ஃபுசாஎ.
ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஒலிக்கிறது.
ஒரு குரல் எண் கேட்கிறது,
அலைமானி அளக்கும் இதாரு, அவளை விட்டுப் போனவன்.
கேட்பது வேறொருத்தியின் எண்.
இணைக்கிறாள்.
ஒயர் செருகும் கையை மட்டும் காட்டுகிறார்கள்.
இதை எப்படிச் சலிப்பு என்றோம்?

அப்புறம் பல் மருத்துவர் குராமிட்சு.
சைரன் அலறும்போது அவர் நாற்காலியில்
மீன் விற்கிறவள் வாயைப் பிளந்து கிடக்கிறாள்.
சொத்தையைக் குடைந்தாகிவிட்டது, இன்னும் அடைக்கவில்லை.
ஜன்னலைப் பார்க்கிறார். பல்லைப் பார்க்கிறார்.
"இப்படியே விட்டால் ராத்திரி வலிக்கும்."
அன்று அரங்கமே சிரித்தது, என் சிரிப்புதான் பெரிது.
ராத்திரி என்று ஒன்று இருந்தால்தானே!
மின்சாரம் போகிறது.
இங்கேதான் தம்பி எழுந்து வெளியே போனான்.
நர்ஸ் டார்ச் பிடிக்கிறாள். அவளுக்குப் பெயர் வைக்கவில்லை,
எழுத்து ஓடும்போது 'விளக்கு பிடிப்பவள்'.
அவள் கை ஆடவில்லை.
கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்கிறது, அவள் தோளில், அவர் வழுக்கையில்.

சில வருஷம் முன்பு ஒரு பனி விடியலில்
ஒலிபெருக்கி எங்கள் தெருவில் கத்தியது:
மேட்டுக்கு ஏறுங்கள், மேட்டுக்கு ஏறுங்கள்.
மாடிப்படியில் பாதி இறங்கியவள் திரும்பி ஓடினேன்.
எதற்கு?
ஊறப்போட்ட அரிசியை வடித்து வைக்க.
ஊரே ஊறப்போகிறது,
அரிசி ஊறிக் கெட்டுவிடக் கூடாதாம்.
அன்று வந்த அலை முழங்கால் உயரம்தான்.
வடிக்கும்போது அது எனக்குத் தெரியாது.

கடைசியில் ஓநாகி குனிகிறது.
இருண்ட நகரத்தில் ஒரே ஒரு ஜன்னல் வெளிச்சம்,
அதன் கண் அங்கே நிற்கிறது. பிறகு
காரணம் எதுவும் சொல்லாமல் கடலுக்குத் திரும்புகிறது.
கதையில் ஓட்டை என்று எழுதினார்கள் அப்போது.
ஓட்டைதான்.
அதைத்தானே ஒருவர் அடைத்துக்கொண்டிருந்தார்.

நள்ளிரவில் தம்பியைக் கூப்பிட்டேன்.
சப்போரோவில் லிஃப்ட் பழுது பார்க்கிறான், தூக்கம் கலைந்தால் சண்டைக்கு வருவான்.
"ஓநாகி பார்த்தேன்."
"கம்பி தெரிந்ததா?"
"தெரிந்தது."
"மூன்று."
"நான்கு. ஒன்றை விட்டுவிட்டாய்."
வைத்துவிட்டானோ என்று நினைத்தேன்,
மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு,
"அக்கா, அந்தப் பல்லை
அடைத்து முடித்தாரா?
அன்றைக்கு எனக்கு அவசரமாக வந்துவிட்டது."