ஏழு நாளுக்குள்

என் சட்டையில் குத்தியிருக்கும் பெயர் அமலோர்.
அவன் போன தையிலேயே வேலையை விட்டுவிட்டான்.
புது வில்லை வர நாளாகும் என்றார் முதலாளி தனராசு.
அதுவரை நேரு வீதியில்
காலை பத்தரைக்கு அமலோர் ஆகி
இரவு ஒன்பதே முக்காலுக்குத் தேசிங்கு ஆகிறேன்.

பெரிய கடை இல்லை.
செருப்புக் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவே
ஒரு ஷட்டர் அகலம்.
சுவர் முழுக்க வீடியோ கேம் உறைகள்.
உள்ளே ஒன்றும் இருக்காது;
டிஸ்க் எல்லாம் கல்லாவுக்குக் கீழே, என் முழங்காலருகில்.
முதல்முறை வருகிறவர்கள் உறையைத் திறந்து பார்த்துவிட்டு
என்னைத் திருடனைப் போலப் பார்ப்பார்கள்.

பழையதை நானூறுக்கு வாங்கித்
தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு விற்க வேண்டும்.
கீறல் இருந்தால் குறைக்கலாம்.
இல்லாவிட்டாலும்
டியூப்லைட்டுக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்து
"ம்ச்" என்று ஒரு சத்தம்.
அந்த ம்ச்சுக்கு நூறு ரூபாய்.
நான் இதில் தேறிவிட்டேன்.
முத்தியால்பேட்டைப் பையன் ஒருவன்
நான் டிஸ்க்கைத் தூக்கும்போதே முகம் வாடுவான்.
அவனுக்கு மட்டும் சில நாள்
தொண்டையிலேயே நிறுத்திக்கொள்வேன்.
எல்லா நாளும் அல்ல.

கலிவரதன் வந்தது சித்திரை வெயிலில்.
வைத்திக்குப்பம். தடைக்காலம்; படகு கரையில்.
மச்சான் பிரான்சிலிருந்து கொண்டுவந்து போட்ட பெட்டிக்கு
மகன் கேட்ட கார் ஓட்டும் கேமை வாங்க வந்தவர்
உறையில் ஒரு மீனைப் பார்த்து நின்றுவிட்டார்.
"இது என்னா?"
மீன் பிடிக்கிற கேம் என்றேன்.
கழுத்து நரம்பு தெரியச் சிரித்தார்.
காருக்கு வைத்திருந்த பணத்தில் மீன் வாங்கிப் போனார்.
பில்லில் முத்திரை குத்தினேன்:
ஏழு நாளுக்குள் மாற்றித் தரப்படும்.
பணம் திரும்பக் கிடையாது.

ஆறாம் நாள் வந்தார்.
ஓடலையா என்றேன்.
"ஓடுது தம்பி. ஓடறதுதான் கோளாறு."
பின்னால் மூன்று பேர் நிற்க
கல்லாவில் கையூன்றிக்கொண்டார்:

"நீவாடு எந்தப் பக்கம்னே தெரியல.
கொண்டலா கச்சானா ஒண்ணும் கிடையாது,
சும்மா தண்ணி ஆடிக்கினு இருக்குது.
டீசலுக்கு எவன் கடன் குடுத்தான்?
ஒருத்தனே போறான், ஒருத்தனே புடிக்கிறான்,
பங்குக்கு ஆளில்ல, சண்டைக்கு ஆளில்ல.
எம்மாம் பெரிய மீனு!
புடிச்சி, தூக்கி, போட்டோ எடுத்து
திரும்பக் கடல்லயே விட்டுர்றான் தம்பி!
எம் பொண்டாட்டி எழுந்துபோய் டிவிய நிறுத்திட்டா."

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
நான் சிரிக்கவில்லை.
அமலோர் சிரித்தான்.

முதலாளி எட்டி டிஸ்க்கை வாங்கினார்.
விளிம்பருகே ஒரு கட்டைவிரல் ரேகை,
அதன் குறுக்கே நீளமாய் ஒரு கோடு.
"ம்ச். கீறல். நூறு குறைச்சிடு."
கலிவரதன் ஒன்றும் சொல்லவில்லை,
பில்லை எடுக்கக் கையை நீட்டினார்.
கட்டைவிரலில் நைலான் கயிறு அறுத்த தழும்பு,
நீளமாய், குறுக்கே.
நான் டிஸ்க்கை வாங்கிச் சட்டை நுனியால் துடைத்தேன்.
கீறல் போய்விட்டது.
முதலாளி போன் வந்ததைப் போல வெளியே போனார்.

கார் கேமைப் பையில் போடும்போது கேட்டார்:
"இதுல வண்டி கவுந்தா எவன் தூக்குவான்?"
தானாவே நிமிந்துரும் என்றேன்.
"அதுவும் அப்படியா" என்றபடி
வெயிலுக்குள் இறங்கிப் போனார்.

ஆனியில் படகுகள் போய்விட்டன.
மீன் இன்னும் சுவரில்; யாரும் கேட்கவில்லை.
நேற்று மழை, கூட்டம் இல்லை.
கடை டிவியில் போட்டுப் பார்த்தேன்.
முக்கால் மணி நேரத்தில் ஒன்று மாட்டியது,
திரையை அடைத்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடியபடி.
கீழே இரண்டு பொத்தான்கள்: படம் எடு. விட்டுவிடு.
மூன்றாவது எங்காவது இருக்கும் என்று
கன்ட்ரோலரை அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

"அமலோர்" என்று கூப்பிட்டார்கள்.
உடனே திரும்பவில்லை.