மைனஸ் நாற்பது

கோச்சடையில் பனி உறைந்து கிடப்பதாக
இன்னாசிமுத்துவின் எஸ்டீம் நம்புகிறது.

மார்கழிதான், விடியக்காலை நாலு மணிதான்,
ஆனாலும் இருபத்தொரு டிகிரி.
அரைக்கைச் சட்டையோடு நிற்கிறேன்.
என் ஸ்கேனரில் மட்டும்
மைனஸ் நாற்பது.

கேட்ட மாத்திரத்தில் கம்ப்யூட்டர்
பெட்ரோலை ஊற்று ஊற்றென்று ஊற்ற
பிளக்குகள் நனைந்து
நாலு இருமல் இருமிப் படுத்துவிட்டது வண்டி.
பெரியாரில் இந்நேரம் பேப்பர் கட்டுகள் இறங்கியிருக்கும்.
ஆறு மணிக்கு உசிலம்பட்டி போய்ச் சேராவிட்டால்
ஊரே அவருடைய அம்மாவை விசாரிக்கும்.

இரண்டு மாதமாகப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.
அரசரடி தாண்டி வருவதற்குள் சூடேறிவிடும்;
டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளைபோல்
என் முன்னால் தொட்டவுடன் கிளம்பும்.
பேட்டரி மாற்றினேன். பிளக் மாற்றினேன். பம்ப்பும் மாற்றினேன்.
எல்லாவற்றுக்கும் காசு வாங்கினேன்.

ஆறிய இன்ஜின்
ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வாயைத் திறக்கும்.
அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

சென்சாரைக் கழற்றுகிறேன்,
பச்சைத் தண்ணீர் முழங்கை வரை வழிகிறது.
செபஸ்தியம்மாள் கொடுத்த டீ கிளாஸ் வெந்நீரில் முக்கினால்
மல்டிமீட்டரில் இரண்டாயிரத்துச் சொச்சம் ஓம்
மளமளவென்று முந்நூறுக்கு இறங்குகிறது.
இவன்மேல் தப்பில்லை.

அந்த அம்மாவிடமே ஒரு கொண்டை ஊசி வாங்கி
சாக்கெட்டின் இரண்டு முனைக்கும் பாலம் போடுகிறேன்.
நூற்று நாற்பதுக்குத் துள்ளியிருக்க வேண்டும்.
துள்ளவில்லை.
அப்படியென்றால் வயர்.

இன்னாசி டார்ச் பிடிக்க
சுற்றியிருந்ததை உரித்துக்கொண்டே போகிறேன்.
பேட்டரித் தட்டுக்குக் கீழே ஒரு ஒட்டு:
ஈயம் வைக்காமல் வெறுமனே முறுக்கியது,
செம்பெல்லாம் பச்சை பூத்து.
சூட்டில் ஒட்டிக்கொள்ளும், குளிரில் விட்டுவிடும்.

'எலியா?' என்கிறார்.

மேலே சுற்றியிருப்பது சிவப்பு டேப்.
இந்தப் பக்கத்தில் சிவப்பு டேப் வாங்குகிறவன்
நான் ஒருத்தன்தான்.
நாலு வருடம் முன்னால் கேஸ் கிட்டைக் கழற்றிய அன்று
சாப்பாட்டு நேரம், அவசரம்.

சுரண்டி, ஈயம் வைத்து, பிளக்குகளைத் துடைத்து மாட்டினேன்.
ஸ்கேனரில் இருபத்தொன்று.
அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது.

'எலி இல்லண்ணே, நான்தான்.
பம்ப்பு காசைத் திருப்பித் தர்றேன்' என்றேன்
ஓடுகிற இன்ஜினுக்கு மேலே.
அவர் கேட்டைத் திறக்க ஓடிக்கொண்டிருந்தார்.

திரும்பி வர எட்டு மணி ஆகும்.
அப்போது மறுபடி சொல்ல வேண்டும்,
இன்ஜினை அணைத்த பிறகு.