செய்தவர்: கரிச்சான்

முதல் திரையிலேயே கேட்டது:
உன் வகுப்பு எது?
மாற்றுச் சான்றிதழ், கல்லூரி விண்ணப்பம்,
வங்கித் தேர்வுப் படிவம்,
எல்லாவற்றிலும் யாரோ முன்பே நிரப்பிவைத்த கட்டம்.
இங்கே மட்டும் நானே சொடுக்கலாம்.

எபனேசர் வாள். தில்ஷாத் வில்.
மோகனவேலு, கேட்கவே வேண்டாம், கோடரி,
இரண்டு கையிலும்.
நான் கொல்லர் என்று அழுத்தினேன்.
பெயர்: கரிச்சான்.
"சண்டை போடத்தானே ஆட்டம்?" என்றான் மோகனவேலு.
பகலெல்லாம் அம்பத்தூரில்
போல்ட் எண்ணிப் பெட்டியில் போடுகிறவன்.
ராத்திரியும் இரும்பா என்று நினைத்திருப்பான்,
நியாயம்தான்.

புழுதிவாக்கம், மூன்றாம் மாடி, மே மாதம்.
ஃபேனை ஐந்தில் வைத்தும்
லேப்டாப் மடியைச் சுடுகிறது.
உள்ளே நான் உலை ஊதிக்கொண்டிருக்கிறேன்.

அவர்களுக்கு ஒரு போர் என்பது பதினோரு நிமிடம்.
பூதம் எழும், கத்துவார்கள், விழுவார்கள்,
நடுகல் பக்கத்தில் முழு உடம்போடு எழுந்து
மறுபடி ஓடுவார்கள்.
எனக்கு நானூற்றுப் பன்னிரண்டு தாதுக்கட்டி,
எழுபது தோல்,
சதுப்பில் மட்டும் கிடைக்கிற ஒரு நீல எண்ணெய்.
சம்மட்டி ஒருமுறை பிசகினால்
ஒரே வரி:
தோல்வி. பொருட்கள் அழிந்தன.
செத்தவன் எழுந்துவருகிற ஊரில்
இரும்பு எழுந்துவருவதில்லை.

ஆனால் ஒன்று.
இரண்டு மணிக்குத் தண்ணி லாரி
ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டால்
அவர்களால் எழ முடியாது,
எழுந்தால் மூன்று பேர் சாவார்கள்.
நான் உலையை அப்படியே விட்டுவிட்டு
குடத்தை வரிசையில் வைத்து
கீழ்வீட்டு ஸ்டெல்லாவோடு இரண்டு வார்த்தை பேசி
நனைந்த நைட்டியோடு படியேறி வரும்போது
வாள் பாதி சிவந்திருக்கும்.
கோபித்துக்கொள்ளாது.

போன வியாழன் கோட்டை முற்றுகை.
நான் மதிலுக்குப் பின்னால்,
நசுங்கிய கேடயங்களைத் தட்டி நிமிர்த்தியபடி.
எதிர்க்குழுவில் பெயர் தெரியாத ஒருத்தி,
ஒல்லி உருவம், வெள்ளை முக்காடு.
முதலில் தில்ஷாத்.
அப்புறம் எபனேசர்.
மோகனவேலு, இரண்டு கோடரியோடும்.
கடைசியில் வாசலைத் தாண்டி வந்து
சம்மட்டியைக்கூடக் கீழே வைக்காத என்னை.

ஹெட்போனில் யாரும் மூச்சுவிடவில்லை.
தில்ஷாத்தான்
கொன்ற ஆயுதத்தின் விவரத்தைத் திறந்து
சத்தமாக வாசித்தாள்:
"சாம்பல்நாக்கு. நீள்வாள்.
செய்தவர்: கரிச்சான்."

"யாருக்குடி வித்தே?"
"சந்தையில போட்டேன். யாரோ வாங்கினாங்க."
"எவ்வளவுக்கு?"
சொன்னேன்.
மோகனவேலு சிரித்தான், அல்லது இருமினான்.
எபனேசரின் பச்சைப்புள்ளி அணைந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்டு நாலு வரி தட்டினேன்.
அனுப்புவதற்கு முன்
அந்த விவரத்தை நானும் திறந்து பார்த்தேன்.
உறுதி: நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.
நான்கு கவசங்களைப் பிளந்த பிறகும்.
அந்த நான்கும்
நான் தட்டியவைதான்.

எந்தப் பக்கம் வெட்கப்படுவது என்று
கொஞ்ச நேரம் தெரியவில்லை.
மன்னிப்பை அனுப்பினேன்.
தொண்ணூற்றேழை மட்டும்
யாரிடமும் சொல்லவில்லை.
கீழே லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது.
குடத்தை எடுத்தேன்.