கேஸ்கட்

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று
வேலூருக்கு ஒரு பட்டியல் உண்டு.
கடனில்லாத வீடு என்று
அதில் யாரும் சேர்க்கவில்லை.

எங்கள் கடன் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
மச்சினன் கல்யாணச் சீர் நாற்பது,
வண்டிக்கு முன்பணம் முப்பது,
மீதி எதற்கென்று
நானும் எப்சிபாவும் ஓர் இரவு முழுக்க யோசித்தோம்.
ஞாபகம் வரவில்லை.
வட்டிக்கு மட்டும் ஞாபகசக்தி குறையவே இல்லை.

ஏப்ரலில் தொடங்கினோம், அந்த வெயிலில்.
கொசப்பேட்டையிலிருந்து ஆற்காடு ரோட்டு ஜெராக்ஸ் கடைக்கு
ஷேர் ஆட்டோவை விட்டு நடந்தேன்.
அகழி ஓரத்தில் கொஞ்சம் காற்று,
மீதி தூரம் தார்.
நாலு மணி டீயை நிறுத்தினேன். தலைவலி வந்தது.
மாத்திரைக்குக் கொடுத்த ஐந்து ரூபாயை
சிவப்பு மையில் எழுதினாள் எப்சிபா.

ஸ்கேன் ரிப்போர்ட் நகலெடுக்க வருகிறவர்கள்
பத்து ரூபாய்க் காசு நீட்டுவார்கள்.
எங்கள் ஊரில் அதை யாரும் தொட மாட்டார்கள்,
காய்க்காரர், கண்டக்டர்,
சர்ச் வாசலில் கையேந்துகிறவர்கூட.
முதலாளி அத்தனையையும் என் சம்பளத்தில் தள்ளிவிடுவார்.
செலவழிக்கவே முடியாத பணம்!
ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைத்தோம்.
வங்கியில் முகம் சுளித்து எண்ணினார்கள்:
நானூற்றுப் பன்னிரண்டு.

பிறகு பரண்.
கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரம் ஏழு,
ஏழும் ஏழு நேரத்தில் நின்றவை.
பெட்டி பிரிக்காத ஹாட்பாக்ஸ்.
'விற்பனைக்கு அல்ல' என்று அரசாங்கம் ஒட்டிய மிக்ஸி,
அதை மட்டும் துடைத்துத் திரும்ப வைத்தாள்.
ஒரு கிட்டார், என்னுடையது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கம்பியைத் தட்டிப் பார்க்கவில்லை.

வாங்குகிற ஆட்கள் கடை வாசலிலேயே இருந்தார்கள்.
மால்டா, தன்பாத், சில்சார் என்று எங்கிருந்தோ ரயிலேறி
மூன்று மாத வைத்தியத்துக்கு வந்து
லாட்ஜில் அறை எடுத்து
தாங்களே மீன் குழம்பு வைத்துக்கொள்கிறவர்கள்.
பக்கெட் போனது, ஸ்டவ் போனது,
கடிகாரத்தில்கூட மூன்று போனது,
மாத்திரை நேரம் பார்க்க.

ஐந்து லிட்டர் குக்கரை
மால்டா நிர்மல் மொண்டலுக்கு எழுநூறுக்குக் கொடுத்தேன்.
கேஸ்கட் தளர்ந்திருந்ததை
இந்தியில் எப்படிச் சொல்வதென்று
தெரியாதவன்போல் நின்றேன்.
லீக் என்றால் எல்லா மொழியிலும் லீக்தான்.

ஆகஸ்ட் கடைசியில் திரும்ப வந்தார்.
மனைவிக்குக் கீமோ முடிந்ததாம்,
காட்பாடியில் இரவு ரயிலாம்,
சுமக்க முடியாதாம், நீயே வைத்துக்கொள்.
பணம் எடுத்தேன், கையை மூடிவிட்டார்.
மூடியைக் கழற்றிக் காட்டினார்:
உள்ளே புது கேஸ்கட், கறுப்பாக, மெழுகு வாசனையோடு.
"பழசு சரியில்ல" என்றார், தமிழில்,
தன் தப்பைச் சொல்வதுபோல.
அறுபது ரூபாயாம், பஜாரில்.

இந்த இடத்தில் என்னை நல்லவனாக எழுதிக்கொள்ளலாம்.
அன்று சாயங்காலமே தன்பாத்காரர்களுக்கு விற்றேன்.
புது கேஸ்கட் என்று சொல்லியே விற்றேன்.
எழுநூற்றைம்பது.

மறு வருஷம் பொங்கல் கழித்துக் கடைசித் தவணை.
பாக்கி இல்லை என்ற கடிதத்தை
எங்கள் மெஷினிலேயே இரண்டு நகல் எடுத்து
நாலு ரூபாயைக் கல்லாவில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எப்சிபா நோட்டை மூடக் கூட்டினாள்.
கூட்டினாள், மறுபடி கூட்டினாள்.
ஓரத்தில் என் கையெழுத்தில், கோட்டுக்கு வெளியே,
மால்டா 60.

"இது வரவா, செலவா?"

மணி நாலு ஆகியிருந்தது.
நான் டீ போடப் போனேன்.