ஓர் ஒற்று குறைவு

கூட்டியும் சொல்லேன், குறைத்தும் சொல்லேன் என்று
சத்தியம் செய்துகொடுத்த வேலை.
பதினோரு வருடமாக
பினாங்குத் தொழிலாளர் நீதிமன்றத்தில்
மலாய்க்கும் தமிழுக்கும் நடுவே
என் பிளாஸ்டிக் நாற்காலி.

இன்று நம்புராஜன்.
நாசி கண்டார் கடையில் குழம்பு ஊற்றியவன்.
பஞ்சிர் என்றால் தட்டு முங்க ஊற்ற வேண்டும்,
அவன் அறிந்த மலாய் அவ்வளவுதான்.
நகக்கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை.
ஐந்து மாதச் சம்பளம் பாக்கி என்கிறான்.
வேலை நீக்கத்தை எமெலில் அனுப்பியாயிற்று என்கிறார்
முதலாளியின் வக்கீல்.

எமெல்.
மலாய் அதை ஒரே வாயில் விழுங்கிவிட்டது.
நான் மின்னஞ்சல் என்றேன்.

"அஞ்சல் பெருங்குளம்ங்க" என்றான்.
"எங்க ஊருக்குத் தனி ஆபீஸ் கிடையாது.
எது வந்தாலும் அங்கதான் வரும்."

மெயில் என்று மாற்றிப் பார்த்தேன்.
"அதுலதான் மெட்ராஸ் வந்தேன்,
ராத்திரி வண்டி."
வக்கீல் சிரித்தார்.
புவான் ரோஹைசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தாளைக் காட்டினார்கள்.
அவன் பெயர், ஒட்டினாற்போல் பிறந்த வருடம்,
பிறகு வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்த ஓர் எழுத்து.
ஏஜெண்டு உண்டாக்கிய முகவரி.
அந்த வீட்டில் அவன் ஒரு நாளும் படுத்ததில்லை,
சாவி யாரிடமோ.
புலனம் தெரியும், மகள் குரல் அதில் வரும்.
புலனம் என்று நாங்கள்தான் சொல்வோம்,
அவனுக்கு அது வாட்ஸ்அப்.

"கிடைத்ததா, இல்லையா?
அதை மட்டும் கேளுங்கள்" என்றார் புவான்.

மேசை விளிம்பை அவன் பிடித்திருந்த பிடியில்
விரல்கள் வெளுத்திருந்தன.

பழைய தமிழில் அஞ்சல் என்றால்
பயப்படாதே.
எஸ்.டி.பி.எம். தேர்வுக்குப் படித்தது,
தாளை மடித்துக் கொடுத்ததோடு சரி.
அதன்பின் அஞ்சல் தலை, அஞ்சல் குறியீடு,
வரி கட்டச் சொல்லும் அஞ்சல்.
யாரும் யாரிடமும்
அந்தப் பொருளில் சொல்லிக் கேட்டதில்லை.

கேட்டேன்:
"மின்
அஞ்சல்,
நம்புராஜன். வந்துச்சா?"

"தபால்தானே? வரலீங்க."

"திடாக் தெரிமா, புவான்."

புவான் பேனாவை நிறுத்தினார்.
நடுவில் ஏன் இடைவெளி?
ஏதாவது சேர்த்தீர்களா?

இல்லை, புவான்.
எதையும் சேர்க்கவில்லை.

குறைத்தது ஒரு ன்.
அதை அவர் கேட்கவில்லை.